கம்பிக்கு வெளியே ஒன்பது தொட்டி

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. பால் பாக்கெட்டை வாசலிலிருந்து எடுக்கும்போதே நாலு மூலையையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவேன். மருந்துக்கடையில் மாத்திரை கொடுத்தால் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பேன், பிறகு கொடுத்தவர் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பேன். நான் போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள் என்பார் என் கணவர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு வந்து, வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தூங்குகிற மனிதருக்கு யார் மேல் சந்தேகம் வரப்போகிறது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, தெருவைப் பார்த்து ஒரு பால்கனி. பால்கனி என்பது பேருக்குத்தான். நான் நின்றால் என் பின்னால் இன்னொருவர் நடக்க முடியாது. அதற்குள் காலி சிலிண்டர், தண்ணீர்க் குடங்கள், துணி ஊறவைக்கிற பக்கெட் எல்லாம் இருந்தாக வேண்டும். எனக்கோ செடி இல்லாமல் முடியாது. வாலாஜாபாத் பக்கம் பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, ஒரு பிடி புதினாவுக்குக் கடைவாசலில் நிற்பது எனக்கு வெட்கமாகவே இருந்தது.

மார்க்கெட் பக்கம் பிளாஸ்டிக் சாமான் விற்கிற பாய் கடையில்தான் அந்தத் தொட்டிகளைப் பார்த்தேன். நீளமாக, ஒடுக்கமாக, முதுகில் இரண்டு இரும்புக் கொக்கியோடு இருந்தன. கம்பியில் மாட்டிவிட்டால் போதும், தரையில் ஓர் அங்குலம்கூடப் போகாது. கம்பிக்கு உள்பக்கம் மாட்டினால் நிற்கிற இடம் போய்விடும், வெளிப்பக்கம் மாட்டினால் இடமெல்லாம் மிச்சம் என்றார் பாய். விற்காத சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறாரோ என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரிசல் பார்த்தேன். ஒரு குறையும் கிடைக்காததால் ஒன்பது வாங்கினேன். கனம் குறையட்டும் என்று மண்ணில் பாதிக்குப் பாதி தேங்காய் நார்த்தூள் கலந்து, புதினா, வெந்தயக்கீரை, கற்பூரவல்லி, பச்சை மிளகாய், இரண்டில் மட்டும் டேபிள் ரோஸ் என்று வைத்தேன். எல்லாவற்றையும் கம்பிக்கு வெளியே, தெருவுக்கு மேலே மாட்டினேன்.

எங்கள் தெருவில் மேலே ஒரு பொருளைத் தொங்கவிடுவது சின்ன விஷயமில்லை. விடியற்காலையில் கீழே பாவு நீட்டுவார்கள். சேலையின் நெடுக்கு நூல் மொத்தத்தையும் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழை இருந்தால் முடிந்து, சிக்கெடுத்து, சுருட்டித் தறிக்கு எடுத்துப்போவார்கள். அந்த நேரத்தில் மாடிக்காரர்கள் துணி உதறக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. யாரும் எழுதி ஒட்டியதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். நானும் சாயங்காலம்தான் செடிக்குத் தண்ணீர் விடுவேன்.

வீட்டுக்காரர்கள் கீழ்வீட்டில் இருந்தார்கள். இரண்டு தறி. அந்த வீட்டு அக்கா அதிகம் பேசாத பெண்மணி, அதனாலேயே எனக்கு அவர் மேல் ஒரு கண் இருந்தது. சித்திரையில் நான் தொட்டி மாட்டியபோது நிமிர்ந்து பார்த்துவிட்டு, புதினா வந்தால் கொஞ்சம் கொடு என்று மட்டும் சொன்னார். நானும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆடிக் காற்று வந்ததும்தான் வம்பு தொடங்கியது. ஒரு மத்தியானம் புதினாத் தொட்டியின் ஒரு கொக்கி கழன்று, தொட்டி தெருப்பக்கம் சாய்ந்து தொங்கியது. யார் தலையிலாவது விழுந்திருந்தால் என் கதி என்ன? உடனே கட்டியாக வேண்டும், வீட்டில் கயிறு இல்லை. மாடிப்படிக்குக் கீழே அக்கா வீட்டுக் கழிவு நூல் சாக்கு ஒன்று உண்டு. அதன் மேலாகவே நல்ல குங்குமச் சிவப்பில் ஒரு கழி பட்டு, வளையமாகச் சுற்றி முடிந்த நூல்கட்டு, கிடந்தது. அறுந்த துண்டு துணுக்கில்லை, முழுக் கழி. இதை எதற்கு எறிந்திருக்கிறார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். பார்க்கிற எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நான் அதை மட்டும் சந்தேகப்படவில்லை. கீழே தறிச் சத்தம் நின்று சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, கேட்காமல் எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். எட்டுப் புரியாக முறுக்கி ஒன்பது தொட்டிக்கும் வரிந்து கட்டினேன். காஞ்சிபுரத்துச் சாயம் போகுமா என்ன? இந்த ஊரில் குடியிருக்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பச்சை இலைக்கும் சிவப்புக் கயிற்றுக்கும் பார்க்க அத்தனை அழகாக இருந்தது. மறுநாளே அக்கா தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். அதற்கு அடுத்த நாளும் பார்த்தார். மூன்றாம் நாள் மாடிக்கே வந்துவிட்டார்.

"தொட்டிய உள்ளப் பக்கம் மாட்டிக்கோயேன்மா. அந்தக் கவுறும் நல்லா இல்ல, தேங்கா நாருக் கவுறு வாங்கிக் கட்டேன்" என்றார்.

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். என் நூலை ஏன் எடுத்தாய் என்று கேட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கேட்காமல் சுற்றி வளைத்ததுதான் எனக்கு உறுத்தியது. திருட்டைப் பிடித்துவிட்டேன் என்று குத்திக் காட்டுகிறாரா? இல்லை, அவர் மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்களே, மாடியைக் காலி செய்ய வைக்க ஒரு சாக்குத் தேடுகிறாரா? கணவரை எழுப்பிக் கேட்டேன். நேரே கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். நேரே கேட்டால் எடுத்ததை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? வீம்புக்கு ஒரு தொட்டியையும் உள்ளே மாற்றவில்லை.

அந்த வாரக் கடைசியில் வாலாஜாபாத் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். செடி வாடிவிடுமே என்று, கிளம்புகிற அன்று விடிந்தும் விடியாததுமாக அவசர அவசரமாக ஒன்பது தொட்டிக்கும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றி முடித்த பிறகுதான் கீழே பார்த்தேன். எதிர்வீட்டு அண்ணன் எனக்கு முன்னால் எழுந்து பாவு நீட்டியிருந்தார். ஆவணிக் கல்யாணத்துக்குப் போகிற சேலை. உடலுக்குச் சந்தன நிறம், கரைக்குக் குங்குமச் சிவப்பு. இரண்டும் பக்கம் பக்கமாக என் பால்கனிக்கு நேர் கீழே போயின. என் தொட்டிகள் ஒன்பதும் சொட்டிக்கொண்டிருந்தன.

நல்லவேளையோ கெட்டவேளையோ, அதே நேரம் தூறல் போட்டது. ஆட்கள் ஓடிவந்து பாவைச் சுருட்டினார்கள். சுருட்டுகிற கை பாதியில் நின்றது. சந்தன நூலில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு. எதிர்வீட்டு அண்ணன் பொட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்தார். கையில் சொம்போடு நான் நின்றிருந்தேன்.

என் தொட்டித் தண்ணீரில் ஏது சிவப்பு, அது வெறும் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். ஆனால் பாவு மேல் தண்ணீர் விட்டேன் என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், அக்காவுக்கு அவர் தேடிய சாக்குக் கிடைத்துவிடும், எனக்கு வீடு போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பயத்தில் நான் முந்திக்கொண்டேன்.

"மழ பட்டதும் கரையில இருக்கிற செவப்பு எறங்கிச்சுண்ணா. நான் மேலேந்து பாத்துக்கினேதான் இருந்தேன்."

எல்லாத் தலையும் என்னை விட்டுக் கரை நூலின் பக்கம் திரும்பின. எனக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதியை இன்று நினைத்தாலும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சாயக்காரரைக் கூட்டிவந்தார்கள். தெருக்கோடியில் இருப்பவர், பாதித் தெருவுக்கு அவர்தான் சாயம் போடுகிறார். அவரை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். முழங்கைவரை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். கரை நூலை அழுத்திப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. வர வேண்டியதெல்லாம் மழையில் வந்துவிட்டது, இனி என்ன வரும் என்று கத்தினார் எதிர்வீட்டு அண்ணன். சாயம் நிற்கவில்லை என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் சாயக்காரருக்கு அந்தத் தெருவில் பிழைப்பு இல்லை. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

நைனா மல்லுக்கு நிற்காமல் கரை நூலைக் கீழே விட்டார். பொட்டு விழுந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என் கம்பியை நிமிர்ந்து பார்த்தார். தொட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறாரோ என்று தோன்றும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

"நீ பாத்தியாமா?" என்று கேட்டார்.

"பாத்தேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். இவ்வளவு சீக்கிரம் வாயடைத்துப் போகிறார் என்றால் தப்பு அவர் மேல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குற்றம் இல்லாதவன் சண்டை போட்டிருக்க மாட்டானா?

ஊருக்குப் போய்க் கூழ் குடித்தேன், ஒன்றும் இறங்கவில்லை. திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தொட்டிகளை உள்பக்கம் மாட்டினேன். இடுப்பைச் சுருக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்துப் பெருக்கும்போது பார்த்தேன், ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே சிமெண்டுத் தரையில் ரோஸ் நிறத்தில் ஒரு வட்டம். என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? நான் கடைக்குப் போயிருந்தபோது அக்காதான் மேலே வந்து, என்னை மாட்டிவிடச் சாயத் தண்ணீரை ஊற்றிவைத்திருக்கிறார் என்று முடிவே செய்துவிட்டேன். வீட்டுச் சாவி எங்களிடம்தான் இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. கயிறு ஒன்றை அவிழ்த்து நனைத்துப் பிழிந்தேன். உள்ளங்கை முழுக்கச் சிவந்தது.

ஒன்பது கயிற்றையும் அறுத்து ஒரு கேரிபேகில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தேன். குப்பையில் போட்டால் யாராவது எடுத்துப் பார்ப்பார்களோ என்று பயம். அதற்குள் தெருவில் காரியம் நடக்கத் தொடங்கிவிட்டது. பட்டு மூட்டை கட்டிய சைக்கிள்கள் நைனா வீட்டில் நிற்காமல் நேராகப் போய் அடுத்த தெருவுக்குத் திரும்பின. எதிர்வீட்டு அண்ணன் அந்தப் பாவையே வேறு ஆளிடம் கொடுத்து அரக்கு நிறமாகச் சாயம் மாற்றிக்கொண்டார். நான் கடைக்குப் போகும்போது நைனா பத்து மணிக்கு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். முழங்கை வெளுத்துக் காய்ந்துபோய் இருந்தது. அவர் கையை அப்படி நான் பார்த்ததே இல்லை.

நாலு நாள் மென்று விழுங்கினேன். ஐந்தாம் நாள் தாங்காமல் அக்காவிடம் போய் நூல் எடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீட்டைக் காலி செய் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குறுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கழி நைனா போட்ட சாயம்தான். எப்போதோ ஒரு தடவை, தண்ணீரோ பதமோ தப்பி, சிவப்பு நிற்காமல் போயிற்று. அக்கா வீட்டில் நனைத்துப் பார்க்கும்போதே தெரிந்துவிட்டது. நைனா தன் கைக்காசில் வேறு பட்டு வாங்கி மறுபடி சாயம் போட்டுக் கொடுத்தார். வெளியே தெரிய வேண்டாம் என்று அக்காவும் கெட்டுப்போன கழியைச் சாக்கில் போட்டுவிட்டார். அதைத்தான் நான் தெரு முழுக்கப் பார்க்கிற மாதிரி ஒன்பது இடத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அக்கா அண்ணாந்து பார்த்ததும் மாடி ஏறி வந்ததும் அதற்காக.

"அன்னிக்கே நைனா கண்டுக்கினாரும்மா. அவரு கை போட்ட செவப்பு அவருக்குத் தெரியாதா? கவுறக் காட்டினா, இதுவும் என் சாயம்தான்னு அவரே சொல்லணும். இன்னான்னு சொல்லுவாரு?"

என்னைப் பார்த்து அவர் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. நான் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அவர் எனக்கு ஒரு வழி விட்டார், நான் அதை அடைத்தேன்.

உண்மையைச் சொன்னால் அவருடைய பழைய தப்பு வெளியே வரும். சொல்லாவிட்டால் இல்லாத தப்பு அவர் தலையில் நிற்கும். அக்காவும் நானும் உட்கார்ந்து யோசித்து ஒரு பொய்யை ஜோடித்தோம். கோயில் கடையில் வாங்கிய, பூ கட்டுகிற சிவப்பு நூலால் தொட்டியைக் கட்டினேன், மட்டமான நூல், அதுதான் சொட்டியது என்று நான் தெருவில் சொல்ல வேண்டும். பழி என்னோடு போகட்டும் என்று எனக்கும் பட்டது. வீடு போனாலும் போகட்டும் என்கிற அளவுக்கு அப்போது வந்திருந்தேன்.

மறுநாள் காலையில் பாவுக்கு ஐந்தாறு பேர் கூடியிருந்தார்கள். நைனாவும் தற்செயலாக அந்தப் பக்கம் வந்து ஓரமாக நின்றார். மனப்பாடம் செய்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். எதிர்வீட்டு அண்ணன் சிரித்தார். அன்றைக்கு ஒன்று சொன்னாய், இன்றைக்கு இன்னொன்று சொல்கிறாய், நைனா சொல்லிக்கொடுத்தாரா என்று கேட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் சொன்ன பொய்யை ஒரு நொடியில் நம்பிய தெரு, அதைத் திருத்த வந்தபோது என்னைச் சந்தேகப்பட்டது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் கோபம் எப்போதும் எனக்கு நல்லது செய்ததில்லை.

விறுவிறுவென்று மாடிக்கு ஏறி, அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த பையை எடுத்துவந்தேன். பின்னால் அக்கா "வேணாம்மா, வேணாம்மா" என்று சொன்னது காதில் விழுந்தது, நிற்கவில்லை. தெருக்குழாயில் ஒரு கயிற்றை நனைத்து அவர்கள் கண் முன்னால் என் உள்ளங்கையில் பிழிந்தேன். சிவப்பு மணிக்கட்டு வழியாக ஒழுகியது. இப்போது நம்புகிறீர்களா என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு அண்ணன் கயிற்றை என் கையிலிருந்து வாங்கி, புரியைப் பிரித்து, ஓர் இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினார். பிறந்ததிலிருந்து அதையே தொட்டுக்கொண்டிருக்கிற விரல்களிடம் போய் நான் அத்தாட்சியைக் கொடுத்திருந்தேன்.

"இது பட்டுமா" என்றார்.

பக்கத்தில் இருந்தவரும் வாங்கிப் பார்த்தார். கயிறு கை மாறிக்கொண்டே போயிற்று. நான் நைனா பக்கம் திரும்பவில்லை. திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் அக்காதான் முன்னால் வந்தார்.

"எங்கூட்டு நூலுதான். நைனா போட்டது. ஒரு தபா நிக்காம பூட்சு, அவரே வேற போட்டுக் குடுத்துட்டாரு. இதுல இன்னா இருக்குது?" என்றார்.

அதில் ஒன்றும் இல்லைதான். எதிர்வீட்டு அண்ணன் அன்று மத்தியானமே நைனா வீட்டுக்குப் போய், கரைச் சிவப்பில் குறை இல்லை, வாய் தவறிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு வாரத்தில் சைக்கிள்கள் பழையபடி தெருக்கோடியில் நின்றன. என்னை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. நானும் நைனா வீட்டுக்குப் போய் நின்றேன். அழுதுவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். அவர் சாயக் கொப்பரையைத் துடுப்பால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"இனிமே எனக்காக நீ ஒண்ணும் பேச வேணாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஆனால் தெருவில் புதிதாக ஒரு பழக்கம் வந்திருந்தது. நைனா கழியைக் கொண்டுவந்து கொடுத்தால் முன்பெல்லாம் அப்படியே வாங்கி உள்ளே வைப்பார்கள். இப்போது ஒரு வெள்ளைத் துணியை நனைத்து அவர் எதிரிலேயே நூலைத் துடைத்துப் பார்க்கிறார்கள். எதிர்வீட்டு அண்ணன் வீட்டிலும் அப்படித்தான். யாரும் அவரை ஒரு வார்த்தை தப்பாகப் பேசுவதில்லை. துடைத்து, வெளிச்சத்தில் துணியைப் பார்த்து, சரி என்று தலையாட்டுகிறார்கள். அதுவரை அவர் வாசலில் நிற்கிறார். தெரு முழுக்க என் புத்தி பிடித்துக்கொண்டது.

போன வாரம் அக்கா வீட்டுக்குக் கழி கொண்டுவந்தார். நான் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அக்கா வழக்கம்போல ஒன்றும் பார்க்காமல் இரண்டு கையாலும் வாங்கி உள்ளே திரும்பினார். நைனா போகவில்லை. தோளிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். அவரே கொண்டுவந்திருந்தார், வீட்டிலேயே நனைத்துப் பிழிந்து.

அதெல்லாம் வேண்டாம் நைனா என்று அக்கா சொல்லிப் பார்த்தார். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.

"தொடச்சுப் பாத்துடும்மா. இப்பல்லாம் எனக்கே நம்பிக்க வரமாட்டேங்குது."